மேசைக்கு ஆப்பிரிக்கக் கட்டுரை வந்தால்

வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றுக்கு எடிட்டிங், டைப்செட்டிங், பிரூஃப் எல்லாம் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கின்றன. அந்த வேலையில் காப்பி எடிட்டராக இருக்கிறேன். தத்துவம், இறையியல், கல்வியியல் மூன்றும் என் பங்கு. இபதான், நைரோபி, அடிஸ் அபாபா, பிரிட்டோரியா என்று ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் கட்டுரைகள் அதில் நிறைய.

சேர்ந்த புதிதில் யோருபாச் சிந்தனை பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. எழுத்துகளுக்கு அடியில் புள்ளி, தலையில் சாய்கோடு. எங்கள் ஃபாண்ட் அவற்றை ஏற்கவில்லை. பக்கமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். ஒரு மேக்ரோவை ஓட்டி எல்லாவற்றையும் மொட்டை எழுத்தாக்கி அனுப்பிவிட்டேன். பிரூஃப் திரும்பி வந்தது. அந்தப் பேராசிரியர் 22 பக்கத்தையும் அச்செடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு கோட்டையும் சிவப்புப் பேனாவால் கையாலேயே இட்டு, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றைத் தாண்டியது. இந்தத் துறைக் கட்டுரைகளில் வாதம் பெரும்பாலும் ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது என்பதையும், அந்தச் சொல்லை நான் உடைத்துவிட்டேன் என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காகக் கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

செய்யக்கூடாதவை

எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகளை எடுக்காதீர்கள். யோருபாவில் 'ஒக்கொ' என்பது தொனிக்குறி மாற மாற கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நாலு பொருள் தரும். குறி போய்விட்டால் வாக்கியத்தில் நிற்பது கணவனா ஈட்டியா என்று தெரியாது. கென்யாவின் கிக்கூயு மொழியில் உயிரெழுத்துகள் ஏழு. அவற்றில் இரண்டைத் தலையில் உள்ள அலைக்கோடுதான் பிரித்துக் காட்டுகிறது. எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் முதற்பெயரிலேயே அந்த இரண்டும் இருக்கின்றன. அவருடைய கடைசிப் பெயரின் நடுவில் மேற்கோள்குறி போல நிற்கும் சிறு கோடு 'ங' ஒலிக்கான அடையாளம். நம் நெடுங்கணக்கில் தனி எழுத்தாக இருக்கிற அதே ஒலி. வேர்ட் அதை வெறும் மேற்கோள்குறி என்று நினைத்துத் திருப்பிப் போடும். மேற்கோள்குறிகளை மொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுக்கும் முன் இதற்காக ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

கரடுமுரடாகத் தெரியும் ஆங்கிலத்தை உடனே மழுப்பாதீர்கள். கானாவின் தத்துவ அறிஞர் குவாசி விரெடு தம் தாய்மொழியான அக்கானில் சிந்தித்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். அக்கானில் 'இருத்தல்' என்று தனியாகச் சொல்ல முடியாது; 'அங்கே இருத்தல்' என்றுதான் வரும். சிந்திப்பதால் தாம் இருப்பதாக டெக்கார்ட் முடிவு கட்டினாரே, அதை அக்கானில் சொன்னால் கேட்பவர் "எங்கே?" என்பார். ருவாண்டாவின் பாதிரியார் அலெக்சிஸ் ககாமே பாண்டு மொழிகளை வைத்து இதையே முன்னர் சொல்லியிருந்தார். இப்படி ஒரு கட்டுரையில் 'அங்கே இருப்பது' என்று நாலு இடத்தில் வந்தால் நம் கை துறுதுறுக்கும். 'இருப்பது' என்று திருத்தினால் ஆங்கிலம் வழுவழுப்பாகும், கட்டுரையில் வாதம் இருக்காது.

இணைகோட்டையும் அப்படியே விடுங்கள். 'உபுண்டு' என்னும் மனிதநேயக் கருத்தைப் பற்றி எழுதிய மொகோபே ரமோசே, 1999இல் ஹராரேயில் வெளியான தம் நூலில் அச்சொல்லை 'உபு', 'ண்டு' என்று இரண்டாகப் பிரித்து நடுவில் கோடு போட்டே எழுதினார். அந்தப் பிளவில்தான் அவருடைய முழு விளக்கமும் இருக்கிறது. ஸ்டைல் ஷீட்டில் கோடு இல்லை என்பதற்காக அவரைப் பின்பற்றும் ஒரு கட்டுரையில் கோட்டை எடுத்துவிட்டால், படிப்பவருக்கு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியாது.

கடவுளுக்கு நீங்களாக 'அவர்' போடாதீர்கள். இறையியல் இதழ்களின் ஸ்டைல் ஷீட்டில் கடவுளைக் குறிக்கும் சுட்டுப்பெயர் பற்றி ஒரு விதி இருக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கேப்ரியல் செட்டிலோனே, சோத்தோ, த்ஸ்வானா மக்களின் இறையுணர்வைப் பற்றி 1976இல் எழுதிய நூலில் அவர்களுடைய கடவுளான மோடிமோவை 'அது' என்றே சுட்டினார். மோடிமோ ஓர் ஆளாக எண்ணப்படவில்லை, மிஷனரிகள்தான் அதை ஆளாக்கினார்கள் என்பது அவர் கட்சி. உயர்திணை, அஃறிணை படித்து வளர்ந்த நமக்கு இதன் கனம் சட்டென்று பிடிபட வேண்டும். இதோடு சேர்ந்தது 'பாடிமோ' என்ற சொல். த்ஸ்வானாவில் அது முன்னோர்களைக் குறிக்கும், மதிப்புக்குரிய சொல். மிஷனரிகள் செய்த விவிலிய மொழிபெயர்ப்பிலோ அது பேய்களுக்கு வைக்கப்பட்டது. போட்ஸ்வானாவின் மூசா டூபே இதை அம்பலப்படுத்தி 1999இல் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லோரும் எடுத்தாள்வது. பழைய அகராதி ஒன்றைப் புரட்டி, பாடிமோவுக்குப் பக்கத்தில் 'பேய்கள்' என்று பொருள் எழுதிச் சேர்த்த எடிட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கட்டுரையாளர் எதை எதிர்த்து இருபது பக்கம் எழுதியிருந்தாரோ அதே பொருள் அவருடைய முதல் பக்கத்திலேயே அச்சாகப் பார்த்தது. கடைசி பிரூஃபில்தான் பிடித்தோம்.

பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தம் பெயருக்குப் பின்னால் தந்தை பெயர். நம் இன்ஷியல் முன்னால் நிற்கிறது, அவர்களுடையது விரிந்து பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே முதற்பெயரின் கீழேயே வரிசைப்படுத்த வேண்டும். எத்தியோப்பியத் தத்துவ அறிஞர் 'ஸெர யாக்கோப்' பெயரோ 'யாக்கோபின் வித்து' என்று பொருள்படும் ஒரே பெயர். அதை வெட்டி 'யாக்கோப்' என்று எழுதுவது தவறு. அவர் பெயரில் உள்ள 'ஹத்தாத்தா' என்னும், 17ஆம் நூற்றாண்டினது எனப்படும் தத்துவ நூல் உண்மையில் அவருடையதா, 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த இத்தாலியத் துறவி ஒருவர் எழுதியதா என்ற சர்ச்சையை 1920இல் இத்தாலிய அறிஞர் கோன்டி ரோசினி கிளப்பினார், இன்னும் ஓயவில்லை. எனவே 'அவர் எழுதியதாகக் கருதப்படும்' என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால், சொல் மிகுதி என்று அதைச் சுருக்காதீர்கள்.

காங்கோவில் 1970களின் தொடக்கத்தில் மொபுட்டு அரசு கிறித்தவப் பெயர்களைத் தடை செய்தது. தத்துவ அறிஞர் வாலன்டின் ஈவ் முடிம்பே அப்போது வும்பி யோக்கா முடிம்பே ஆனார். இன்ஷியல் மட்டும் மாறவில்லை. கூகியின் முதல் நாவல்கள் ஜேம்ஸ் கூகி என்ற பெயரில் வந்தன. ஒரே ஆளை உசாத்துணைப் பட்டியலில் இரண்டு பேராக்கிவிடாதீர்கள், பழைய அட்டையில் இருந்த பெயரை அழித்து ஒன்றாக்கியும் விடாதீர்கள்.

பழைய ஊர்ப்பெயர்களைப் புதுப்பிக்காதீர்கள். பிளாசிட் டெம்பல்ஸின் 'பாண்டு தத்துவம்' 1945இல் எலிசபெத்வில்லில் வெளியானது. அந்த ஊர் இன்று லுபும்பாஷி என்றாலும் அட்டையில் இருப்பது எலிசபெத்வில்தான். எத்தியோப்பிய நூல்களின் ஆண்டும் இப்படியே. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கி ஓடும். 'பிழை' என்று எண்ணித் திருத்தாதீர்கள்.

கட்டுரையாளர் 'மக்கள்' என்று எழுதிய இடத்தில் 'பழங்குடி' போடாதீர்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளைப் பற்றிய கட்டுரையில் 'கற்பவர்' என்பது 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் தந்த சொல். 'மாணவர்' என்று மாற்ற வேண்டாம். தான்சானியக் கட்டுரையில் 'உஜாமா' வந்தால் 'சோஷலிசம்' என்று பெயர்க்காதீர்கள். குடும்ப உறவு என்பதே அச்சொல்லின் பொருள். 1967இல் 'சுயசார்புக்கான கல்வி'யை எழுதிய தான்சானியத் தலைவர் நியெரெரே அச்சொல்லைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்.

செய்ய வேண்டியவை

எடிட் தொடங்கும் முன் கட்டுரை எந்தச் சொல்லைச் சுற்றிச் சுழல்கிறது என்று கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். பாரி ஹாலனும் ஜே. ஓ. சொடிப்போவும் 1986இல் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்ளுங்கள். யோருபா நாட்டு வைத்தியர்களோடு உட்கார்ந்து, பேச்சில் இரண்டு சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று பார்த்தார்கள். ஒன்று 'மொ', அறிதல். இன்னொன்று 'க்பாக்பொ', பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொள்வது. தன் கண்ணால் கண்டதற்குத்தான் 'மொ' செல்லும். புத்தகத்தில் படித்தது, வகுப்பில் கேட்டது, செய்தித்தாளில் வந்தது எல்லாமே 'க்பாக்பொ'. ஆங்கிலத்தில் அறிவு என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி யோருபாவில் வெறுமனே கேட்டறிந்ததாகிவிடுகிறது. பழங்கால மக்கள் கேட்டதை எல்லாம் நம்பினார்கள் என்று ஐரோப்பியர் எழுதி வைத்தது இங்கே தலைகீழாகிறது. கேட்டதற்கும் கண்டதற்கும் கோடு கிழித்தவர்கள் யோருபா மக்கள்தான். இப்போது ஒரு எடிட்டர், வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று 'க்பாக்பொ' வரும் இடமெல்லாம் 'நம்பிக்கை' என்று மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மையச் சொல்லைக் கண்டதும் அதன் சரியான எழுத்துக்கோவையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். கட்டுரை முழுதும் அது மாறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

மென்பொருள் 'கிடைக்கவில்லை' என்று சிவப்பில் காட்டும் உசாத்துணையைக் கையாலும் தேடுங்கள். இஃபே பல்கலைக்கழகத்திலிருந்து 1972இல் தொடங்கிய 'செகண்ட் ஆர்டர்' போன்ற தத்துவ இதழ்கள் காகிதத்தில் வந்தவை. டிஓஐ எண்ணுக்கு எங்கே போவார்கள்? தென்னாப்பிரிக்காவின் மக்காண்டாவிலிருந்து இயங்கும் 'ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்' 1998 முதல் இருக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட இதழ்கள் அதில் உண்டு. முதலில் அங்கே பாருங்கள். ஆப்பிரிக்க முகவரியோடு போலி இதழ்கள் உலவுவது உண்மைதான். அதற்காக லாகோஸ் என்று கண்டதும் கட்டுரையாளரிடம் 'இது நம்பத்தக்க இதழா' என்று குவரி எழுப்புவது அவமதிப்பு.

பெரியவர்களின் வாய்மொழிக்கு உரிய இடம் கொடுங்கள். கென்யாவின் ஒடேரா ஒருகா ஊர் ஊராகப் போய்ச் சிந்தனையாளர்களைக் கண்டு பேசி, அவர்கள் பெயரோடும் உரையாடலோடும் 1990இல் நூலாக்கினார். எழுதாதவரும் தத்துவ அறிஞராக இருக்க முடியும் என்பதே அவர் நிறுவ வந்தது. அவர் வழியில் எழுதப்பட்ட கட்டுரையில், நேர்காணல் தந்த மூதாட்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து 'தனிப்பட்ட தொடர்பு' என்று அடைப்புக்குறிக்குள் தள்ளச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டை, இதழாசிரியரிடம் எழுதிக் கேட்டு ஒதுக்கிவையுங்கள். நான் கேட்ட இதழாசிரியர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்.

விளக்கம் கேட்பதில் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். இபதானுக்குப் பக்கத்தில் 'நைஜீரியா' சேர்க்கச் சொன்னால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் 'இங்கிலாந்து' சேர்க்கச் சொல்லுங்கள். பெனின் நாட்டின் பாலின் ஹுண்டோன்ஜி வாழ்நாள் முழுதும் வருந்தியது இதற்குத்தான்: ஆப்பிரிக்க அறிஞர் தம் மக்களைப் பற்றி எழுதும்போதே வெளியிலிருக்கும் வாசகருக்காக எழுத வேண்டியிருக்கிறது, தகவல் அங்கே விளைகிறது, கோட்பாடு வேறெங்கோ சமைக்கப்படுகிறது. சென்னையில் உட்கார்ந்து நாம் அனுப்பும் ஒவ்வொரு 'தயவுசெய்து விளக்கவும்' குவரியும் கட்டுரையாளரை இன்னொரு அடி வெளிப்பக்கம் தள்ளக்கூடியது. கேட்கும் முன், இபதானில் இருக்கும் வாசகருக்கும் இந்த விளக்கம் வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். வேண்டாம் என்றால் பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை.

நாள் கொடுங்கள். 48 மணி நேரத்தில் பிரூஃப் திரும்ப வேண்டும் என்பது மின்சாரமும் இணையமும் அறாத ஊருக்கான விதி. 2022இல் நைஜீரியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை எட்டு மாதம் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அப்போது பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பியவற்றுக்குப் பதில் வராமல், கட்டுரையாளர் அக்கறையில்லாதவர் என்று கோப்பில் குறித்தவர்கள் உண்டு. இரண்டாவது மின்னஞ்சல் முகவரி ஒன்றை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். கனமான ஆன்லைன் பிரூஃப் இணைப்போடு சிறிய பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்தனுப்புங்கள். அடிஸ் அபாபாவில் இருப்பவர் 'மூன்று மணிக்குப் பேசலாம்' என்றால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அங்கே விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள். அவருடைய மூன்று மணி காலை ஒன்பதாக இருக்கலாம்.

கடைசியாக, பிடிஎஃப் சரியாக வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அதை 400 சதவீதம் பெரிதாக்கி, அடிப்புள்ளி எழுத்துக்கு நேர் கீழே நிற்கிறதா, பக்கத்து எழுத்துக்கு நகர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்எம்எல் கோப்பைத் திறங்கள். இணையத்தில் தேடுபவருக்குத் தெரியப்போவது அதில் உள்ள பெயர்தான். கட்டுரையாளர் முதலில் அனுப்பிய கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் பெயர் இருக்கும் வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.