ஹைலைட்டர் பேனா: மையைவிட மூடிக்குத்தான் பயப்படணும்!

பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் மஞ்சளும் ரோஸுமாக ஹைலைட்டர் பேனாக்கள் சிதறிக் கிடக்கும். அக்கா பாடத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். தவழுகிற தம்பி இன்னொன்றை எடுத்து வாயில் வைத்திருப்பான்! தேனியிலிருந்து கூடலூர் வரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தாய்மார்களுக்கு வருகிற சந்தேகங்களைப் பார்ப்போமா?

மையைச் சப்பிட்டான்... விஷமா?

பதறாதீர்கள். பெரும்பாலான ஹைலைட்டர் மையில் தண்ணீரும், சீக்கிரம் காயாமலிருக்கச் சேர்க்கும் கிளைகாலும், கொஞ்சம் சாயமும்தான் இருக்கும். சப்பினால் நாக்கில் கலர் பிடிக்கும். சிலருக்கு வயிறு லேசாகப் புரட்டும். வாயைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால் பேனாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பளிச்சுன்னு ஒளிருதே, கதிர்வீச்சா?

இல்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிற சாயம், அவ்வளவுதான்.

பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்களே, அந்தச் சாயமா?

2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்தது, ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாயை. சில ரோஸ் நிற மைகளில் ரோடமின் வகைச் சாயம் உண்டு. காகிதத்தில் கோடு போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் உதட்டில், நகத்தில், தின்பண்டத்தில் பூசி விளையாட விடாதீர்கள்.

கண்ணில் பட்டால்?

சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. சிவப்போ உறுத்தலோ போகாவிட்டால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, மூடியில்! சின்ன மூடி மூச்சுக்குழலை அடைத்தால் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம்தான். கம்பத்திலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே முதலுதவி வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

பிள்ளை பலமாக இருமினால் இருமட்டும். விரலை விட்டுத் துழாவாதீர்கள். மூடி இன்னும் உள்ளே போய்விடும். சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் இதைச் செய்யுங்கள்:

ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு தட்டுங்கள். வரவில்லையா? பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். மூடி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே 5 அழுத்து.

அடைப்பு விலகிய பிறகும் இருமலோ விசிலடிப்பது போன்ற மூச்சோ இருந்தால் அலட்சியம் வேண்டாம். பிளாஸ்டிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. 'மூடியை விழுங்கினான்' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது...

மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சிக்கினாலும் ஓரளவு மூச்சு போகும். நெடி வீசும் பெர்மனென்ட் மார்க்கரை ஹைலைட்டர் என்று நினைத்துச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். படித்து முடித்ததும் பேனாவைப் பெட்டிக்குள்ளும், பெட்டியை அலமாரி மேல்தட்டிலும் வைக்கப் பெரிய பிள்ளையைப் பழக்குங்கள். தம்பியின் உயிருக்கு அக்காவும் காவல்தானே!