வனவெளிச் சிகிச்சை வளரிளம் பருவத்தினருக்கு உதவுமா?

பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுக்கிறது, இரவெல்லாம் விழித்திருக்கிறது, போதைப் பொருளை நாடுகிறது, ஏனென்று கேட்டால் சீறுகிறது. இந்நிலையில் மனம் தளர்ந்த பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “கொஞ்ச காலம் கண்டிப்பான இடத்திற்கு அனுப்பி வைத்தால் திருந்திவிடுமா?” இக்கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விடையாக வளர்ந்ததே வனவெளிச் சிகிச்சை. அங்குப் பெற்ற பட்டறிவு, பிள்ளையைப் பற்றிக் கவலையுறும் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படக்கூடியது.

தோற்றமும் நடைமுறையும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டில், கல்வியாளர் கூர்ட் ஹான் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தோற்றுவித்தார். இடரைத் தாங்கும் மன உறுதியை இளம் மாலுமிகளுக்கு ஊட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1960களில் இக்கருத்து அமெரிக்காவில் பரவியது. பின்னர் மனநலச் சிகிச்சையுடன் இணைந்தது. யூட்டா மாநிலம் இத்தகைய முகாம்களின் முதன்மை இடமாயிற்று.

முகாமில் சிறு குழுவாகப் பிள்ளைகள் காட்டிலோ மலையிலோ பாலைவெளியிலோ பல வாரங்கள் தங்குகின்றனர். தம் சுமையைத் தாமே சுமந்து, கூடாரம் அமைத்து, தீ மூட்டிச் சமைக்கின்றனர். கைப்பேசி கிடையாது. வழிகாட்டிகள் எந்நேரமும் உடனிருப்பர். மனநல ஆலோசகர் வாரத்திற்கு ஓரிரு முறை வந்து பேசுவார். பெற்றோருடன் தொடர்பு பெரும்பாலும் கடிதம் வழியே நிகழ்கிறது.

ஆய்வுகள் கூறுவது

குற்றச் செயல்களில் ஈடுபட்ட இளையோர் குறித்த 28 ஆய்வுகளை வில்சன், லிப்சி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் தொகுத்து நோக்கினர். முகாமுக்குச் சென்றோருள் 29 விழுக்காட்டினரும், செல்லாதோருள் 37 விழுக்காட்டினரும் மீண்டும் தவறிழைத்தனர். நன்மை உண்டு, ஆனால் அது பெரிதன்று. தனிநபர் ஆலோசனை, குடும்பச் சிகிச்சை போன்றவை சேர்ந்திருந்த முகாம்களில் பயன் கூடுதலாக இருந்தது. 2013இல் சாகசச் சிகிச்சை பற்றிய 197 ஆய்வுகளைத் தொகுத்த மற்றொரு மதிப்பீடும் மிதமான பயனையே காட்டியது.

இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நிலைமை மிக மோசமான வேளையில்தான் பிள்ளை முகாமுக்கு அனுப்பப்படுகிறது. காலப்போக்கில் தானாகவே சற்றுத் தணியும் துன்பமும் உண்டு. அந்தத் தணிவையும் முகாமின் பயனாகக் கணக்கிட்டுவிடும் பிழை எளிதில் நேரும்.

நேர்ந்த தீங்குகள்

1994இல் யூட்டாவில் நடந்த முகாம் ஒன்றில் 16 வயதுச் சிறுவன் கடும் வயிற்றுவலியால் துடித்தான். பொறுப்பாளர்கள் அதனை நடிப்பு என்று தள்ளினர். குடற்புண் துளைத்து வயிற்றறையில் பரவிய அழற்சியால் அவன் உயிரிழந்தான். வலி என்று சொல்லும் பிள்ளையை நம்பி மருத்துவரிடம் காட்டியிருந்தால் என்னும் எண்ணம் எங்களை இன்றும் உறுத்துகிறது.

இதுபோன்ற இறப்புகளை ஆராய்ந்த அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம், பயிற்சியற்ற பணியாளர்களையும் போதாத உணவையும் அலட்சியமான நடைமுறைகளையும் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. எனினும் 2024இல் வட கரோலினாவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் முகாமுக்கு வந்த ஒரே நாளுக்குள் இறந்தான். அம்மாநில அரசு அம்முகாமின் உரிமத்தை நீக்கியது.

மற்றொரு கொடுமையும் உண்டு. சில பெற்றோர் கூலிக்கு ஆள் அமர்த்த, அவர்கள் நள்ளிரவில் பிள்ளையை உறக்கத்திலிருந்து எழுப்பி அழைத்துச் செல்கின்றனர். அப்படித் தொடங்கும் சிகிச்சையில் நம்பிக்கை எவ்வாறு வேரூன்றும்?

வீட்டிலேயே ஒரு வழி

அதே யூட்டா மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் வேறொரு முறை உருவானது. பிள்ளையை எங்கும் அனுப்பாமல், குடும்பத்தினர் அனைவரையும் ஒன்றாக அமர்த்தி, ஒருவரையொருவர் குறை கூறும் பழக்கத்தை மாற்றப் பயிற்றுவிப்பதே அது. சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து சில மாதங்கள் பணியாற்றும் முறைகளும் பின்னர் வந்தன.

இதற்குக் காரணம் எளியது. காட்டில் பிள்ளை கற்கும் பொறுமை உண்மையானதே. ஆனால் பிள்ளை திரும்பி வருவது பழைய வீட்டிற்கே. அங்குப் பேச்சும் கோபமும் மௌனமும் முன்போலவே இருந்தால், கற்றது நீடிப்பது அரிது.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டியவை

எந்த முகாமாயினும் விடுதியாயினும் பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்:

1. தகுதி பெற்ற மருத்துவரும் மனநல வல்லுநரும் உள்ளனரா? அரசின் உரிமம் உண்டா?
2. பிள்ளை நோயுற்றால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடையலாம்?
3. பிள்ளை விரும்பும்போது உங்களுடன் தனிமையில் பேசலாமா?
4. அடித்தல், பட்டினியிடுதல், தனியே அடைத்தல் ஆகியவை முற்றிலும் விலக்கப்பட்டுள்ளனவா?
5. பெற்றோருக்கும் ஆலோசனை உண்டா? வீடு திரும்பியபின் தொடர் கவனிப்பு உண்டா?

ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்காவிடில் அனுப்பாதீர்கள்.

பிள்ளை இறப்பைப் பற்றிப் பேசினாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று எண்ணுவது அன்பின்மையால் அன்று, களைப்பால் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே பிள்ளையை மட்டும் அனுப்பி வைக்காமல் நீங்களும் உடன் வாருங்கள். மூவரும் அமர்ந்து பேசத் தொடங்கும் நாளே சிகிச்சையின் முதல் நாள்.