தேக்கில் ஒரு ‘நிழல்’: ஸ்க்ரோல் சா வாங்குவதும் பழகுவதும்

வாசலில் மாட்ட ‘நிழல்’ என்று ஒரு பெயர்ப்பலகை செய்ய உட்கார்ந்தபோதுதான் ஸ்க்ரோல் சாவின் அருமை எனக்குப் புரிந்தது. ட, ப போன்ற எழுத்துகளை யாரும் கைரம்பத்தால் அறுத்துவிடலாம். ழ அப்படியில்லை. அதன் வளையத்துக்குள் கைரம்பம் நுழையாது. ஜிக்சா பிளேடு ஓட்டை போட்டால் நுழையும், ஆனால் அத்தனை சின்ன வளைவில் திரும்பாது. பிடிவாதமாகத் திருப்பினால் மரத்தின் ஓரம் சிதறும்.

ஸ்க்ரோல் சா மேசைமேல் நிற்கும் மெஷின். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டுக்கும் நடுவே வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டிய ஐந்து அங்குல பிளேடு. அது சுமார் ஆறு நூல் அளவுக்கு, அதாவது 19 மி.மீ., மேலும் கீழும் ஓடும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்க, மரத்தைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறோம். இதைப் பழகியவர்கள் அறுக்கிறார்கள் என்று சொல்வதைவிட வரைகிறார்கள் என்று சொல்லலாம்.

வாங்கும் முன்

கடைக்காரர் முதலில் வாட்ஸ் கணக்கு சொல்வார். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். சாதாரணமாகக் கிடைக்கும் 90 வாட் மெஷின்கூட ஆறு நூல் தேக்கை மெதுவாக அறுத்துவிடும். நீங்கள் குனிந்து பார்க்கவேண்டியது பிளேடைப் பிடிக்கும் இடத்தை.

பிளேடில் இரண்டு வகை. ஒன்றில் இரு நுனியிலும் சிறு குறுக்குக் கம்பி இருக்கும். அதைக் கொக்கியில் மாட்டினால் போதும். இதைப் பின் பிளேடு என்பார்கள். இன்னொன்று வெறும் நுனி. திருகு வைத்து இறுக்கவேண்டும். முதல் வகைதான் வசதி என்று தோன்றும். ஆனால் அந்தக் குறுக்குக் கம்பி நுழைய மரத்தில் சுமார் 5 மி.மீ. ஓட்டை வேண்டும். வெறும் நுனி பிளேடுக்கு ஒன்றரை மி.மீ. ஓட்டை போதும். என் முதல் மெஷின் பின் பிளேடு மட்டுமே ஏற்பது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ழ-வின் வளையத்தைவிட ஓட்டை பெரிதாகிப் போனதில் நல்ல பலகை ஒன்று வீணானது. ஆகவே, ‘வெறும் நுனி பிளேடு போடலாமா?’ என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இரண்டும் ஏற்கும் மெஷின்கள் நிறைய உண்டு.

அடுத்து, அந்தப் பிளேடைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்று கடையிலேயே செய்து பாருங்கள். ஒரு கோல வடிவத்தில் நாற்பது ஓட்டை இருந்தால் நாற்பது முறை மேல்நுனியைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி இறுக்கவேண்டும். கையாலேயே திருகும் பிடி இருந்தால் அரை நிமிடம். ஒவ்வொரு முறையும் அலென் கீ தேடவேண்டியிருந்தால் இரண்டே வாரத்தில் மெஷின் பரணுக்குப் போய்விடும்.

மூன்றாவது அதிர்வு. நல்ல கனமான வார்ப்பிரும்பு அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். ஓடவிட்டு, மேசைமேல் ஒரு நாணயத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாருங்கள். வீட்டில் மெஷினைப் பலமான மேசையில் போல்ட் போட்டு, அடியில் ரப்பர் விரிப்பு வைத்தாலே பாதி அதிர்வு அடங்கும்.

கழுத்து ஆழம் என்பது பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடையிலான தூரம். பொழுதுபோக்குக்கு 16 அங்குலம் தாராளம். ப்ராக்ஸான் டிஎஸ் 460 என்ற ஜெர்மன் மெஷினின் பெயரிலுள்ள 460, இந்த ஆழத்தின் மில்லிமீட்டர் கணக்குதான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 ஓட்டம் வரை இருந்தால் மரம், பித்தளை, அக்ரிலிக் எல்லாம் செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பலர் புகழும் டிவால்ட் டிடபிள்யூ 788 போன்ற அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மோட்டார் போய்விடும்.

வேலையைச் செய்வது பிளேடு

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அதோடு வந்த ஒரே பிளேடில் மாதக்கணக்கில் அறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் ‘இது சரிவராது’ என்று விட்டுவிடுவது இதனால்தான். கூட வரும் பிளேடு மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் உதவும். முதல் நாளே டஜன் கணக்கில் நல்ல பிளேடு வாங்குங்கள்.

பிளேடுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற தடிமன் கூடும். மூன்றாம் எண் மூன்று நூல் வரையுள்ள மெல்லிய பலகைக்கும் பிளைவுட்டுக்கும். ஐந்தாம் எண் அன்றாட வேலைக்கு. சுமார் ஒரு மி.மீ. அகலம், 0.4 மி.மீ. தடிமன், ஆறு நூல் தேக்கு வரை தாங்கும். அதற்கு மேல் தடிமனுக்கு ஏழு, ஒன்பது. தொடங்குபவருக்கு மூன்றும் ஐந்தும் போதும்.

பல்லமைப்பையும் பாருங்கள். பல் விட்டுப் பல் இருப்பது மரத்தூளை நன்றாக வெளியேற்றும், சூடு ஏறாது. இன்னொரு வகையில் அடிப்பக்கத்துச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கம் பிசிறில்லாமல் வரும். பிளைவுட்டுக்கு நான் இதை மட்டுமே போடுகிறேன். மாட்டியபின் பிளேடை உச்சிக்கு ஏற்றிப் பாருங்கள். மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்றாவது மேசைக்கு மேலே தெரியவேண்டும். தெரியாவிட்டால் அவை மரத்தைத் தொடவே தொடாது.

மற்ற பற்களெல்லாம் கீழ்நோக்கித்தான் இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், மெஷின் நிற்கும்போது விரலை மெதுவாகக் கீழிருந்து மேலே தடவுங்கள். தோலைப் பிடித்தால் சரி. தலைகீழாக மாட்டினால் முதல் நொடியிலேயே பலகை தூக்கி அடிக்கும்.

தேக்கு பிளேடைச் சீக்கிரம் தின்னும். அந்த மரத்துக்குள்ளேயே மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது. பிளைவுட்டின் பசையும் அப்படித்தான். கோட்டில் போக மறுக்கிறது, தள்ளவேண்டியிருக்கிறது, கருகல் வாசம் வருகிறது என்றால் பிளேடு செத்துவிட்டது. முறியும்வரை காத்திருக்காதீர்கள். மெல்லிய பலகை அறுக்கும்போது பிளேடின் நடுப்பற்கள் மட்டும்தான் தேயும். அப்போது மேசைமேல் ஒரு பிளைவுட் துண்டைப் பொருத்தி உயரத்தைக் கூட்டினால், தேயாத பற்கள் வேலைக்கு வரும்.

ஓட்டுவதற்கு முன் இரண்டு சோதனை

முதலாவது இழுவிசை. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் பிளேடு ஒரு நூலுக்கு மேல் அசையக்கூடாது. மீட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் தளர்வு. அந்த நிலையில் அறுத்தால் பலகையின் மேற்பக்கம் கோடு சரியாக இருக்கும், அடிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கும்.

இரண்டாவது, மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்பது. மேசையிலுள்ள டிகிரி அளவை நம்பவேண்டாம். மூலைமட்டம் வைக்கலாம், அதைவிட நம்பகமான வழி ஒன்றுண்டு. ஒரு அங்குல உயரக் கட்டை ஒன்றில் இரண்டு மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கீறல் போடுங்கள். மெஷினை நிறுத்தி, கட்டையை எடுத்து, அரைவட்டம் திருப்பி, அந்தக் கீறலைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள். பிளேடு கீறலுக்குள் தானாகப் பொருந்தினால் மேசை நேராக இருக்கிறது. சாய்ந்து முட்டினால் மேசையைச் சற்றுத் திருப்பி மறுபடி செய்யுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். இதைத் தவிர்த்தால் வெட்டிய எழுத்தின் சுவர் சரிந்தே வரும்.

பழகும் வரிசை

பென்சில் கோட்டில் நேராகத் தள்ளியும் பிளேடு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாக, இழுக்கும். நிறையப் பேர் தங்கள் கைதான் கோணல் என்று நினைத்துவிடுகிறார்கள். பிளேடு செய்கையில் பல் வெட்டும்போது தகட்டின் ஒரு ஓரத்தில் பிசிர் நிற்பதால் அந்தப் பக்கம் அதிகமாக அறுக்கிறது. பலகையைச் சில டிகிரி திருப்பிக் கொடுத்தால் கோட்டிலேயே போகும். எவ்வளவு திருப்புவது என்பது அரைமணியில் கைக்கே தெரிந்துவிடும்.

வீணான பலகையில் முதலில் ட, ப எழுதி அறுங்கள். நேர்கோடும் மூலையும் இவற்றில் இருக்கின்றன. மூலைக்கு வந்ததும் தள்ளுவதை நிறுத்துங்கள். பலகையை மயிரிழை உங்கள் பக்கம் இழுத்து, பிளேடின் பல்லில்லாத முதுகு மரத்தில் லேசாக உரசும்படி வைத்துக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் பலகையைச் சட்டென்று திருப்புங்கள். பிறகு மறுபடி முன்னே. இது கைவந்தபின் ல, வ. வளைவில் கண் பிளேடின்மேல் இருக்கக்கூடாது. அதற்குச் சற்று முன்னாலுள்ள கோட்டில் இருக்கவேண்டும். பேனா நுனியைப் பார்த்துக்கொண்டா எழுதுகிறோம்?

தள்ளும் வேகம் மிக முக்கியம். பிளேடு பின்னோக்கி வளைவது தெரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். மரம் தானே உள்ளே போவதுபோல் இருக்கவேண்டும்.

இனி பெயர்ப்பலகை

நான்கு நூல் தேக்கு எடுங்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அச்செடுத்த எழுத்துத்தாளை அதன்மேல் பசைக்குச்சியால் ஒட்டுங்கள். நேரடியாக மரத்தில் ஒட்டினால் பிறகு தின்னர் ஊற்றிச் சுரண்டவேண்டும். தாளின்மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் ஒளிபுகும் டேப் ஒரு வரிசை. இது பிளேடுக்கு வழுக்கலாக அமைந்து தேக்கு கருகாமல் காக்கிறது.

உள்வெட்டுகள் முதலில், வெளிவெட்டு கடைசியில். இதை மாற்றவே கூடாது. வெளியை முதலில் அறுத்தால் உள்ளே அறுக்கப் பிடிப்பதற்கு மரம் இருக்காது. ழ-வின் வளையத்துக்குள் ஒன்றரை மி.மீ. ஓட்டை போட்டு, அடிப்பக்கத்துப் பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, பிளேடை நுழைத்து இறுக்கி, வளையத்தை எடுத்துவிடுங்கள். பிறகு வெளி ஓரம்.

ல் மேல் உள்ள புள்ளிதான் ஆபத்து. எட்டு மி.மீ. வட்டத்தைச் சின்னத் துண்டில் அறுக்கப் போனால் விரல் பிளேடோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை அகலமுள்ள பலகையின் ஓரத்தில் வரைந்து அறுங்கள். அல்லது எட்டு மி.மீ. உருளைக் குச்சியிலிருந்து கைரம்பத்தால் ஒரு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் எப்போதும் பிளேடின் பக்கவாட்டில், ஒருபோதும் நேர்முன்னே வேண்டாம். துப்பட்டாவும் தளர்ந்த சட்டைக் கையும் மடித்துக் கட்டியிருக்கவேண்டும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், எம்டிஎஃப் அறுத்தால் இன்னும் கண்டிப்பாக. பலகை திடீரென்று துள்ளினால் பயந்து கையை எடுக்காதீர்கள். மேசையோடு அமுக்கிப் பிடித்து சுவிட்சை அணையுங்கள். கால்சுவிட்ச் ஒன்று வாங்கி இணைத்தால் இரு கையும் மரத்திலேயே இருக்கும்.

அறுத்து முடித்ததும் டேப்பை உரித்து, ஓரங்களை 220 எண் உப்புத்தாளால் ஒரு தடவை மட்டும் வருடுங்கள். நல்ல பிளேடில் வெட்டிய ஓரத்துக்கு அதற்குமேல் தேவையிருக்காது. எழுத்துகளைப் பின்பலகையில் ஃபெவிகாலால் ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் வையுங்கள். மறுநாள் காலையில் புள்ளியைத் தனியே, கண்ணால் அளந்து, ல-வின் தலைக்கு மேல் வையுங்கள்.