அம்மாவின் கொப்பியில் இல்லாத ரிச் கேக்

நத்தார் நெருங்கினால் என்னிடம் வருகிற தங்கச்சிமாருக்கு ஒரே முறைப்பாடுதான். "அக்கா, அம்மாவின்ர கொப்பியில இருக்கிறபடிதான் செய்தனான். அம்மாவின்ர கேக் மாதிரி வரேல்லை." வராது. அந்தக் கொப்பிகள் செய்யத் தெரிந்தவர்கள் தங்கள் ஞாபகத்துக்கு எழுதிவைத்தவை. "ரவை அரை றாத்தல், கஜு ஒரு றாத்தல், பிராண்டி வேண்டிய அளவு" என்று இருக்கும். பழத்தை எவ்வளவு சின்னதாக வெட்டுவது, அவண் சூடு எவ்வளவு, ட்ரேயை எப்போது மூடுவது, ஒன்றும் இராது.

ஆகவே முதலில் றாத்தலைக் கிராமாக்குங்கள். ஒரு றாத்தல் 454 கிராம். கடையில் 227 கிராம் பட்டர் பைக்கற் வாங்குகிறோமே, அதுதான் கொப்பியில் உள்ள அரை றாத்தல். அம்மாவோ மாமியோ இன்னும் கேக் அடிக்கிறார்கள் என்றால், இந்த முறை தராசோடு பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர்கள் கையால் அள்ளுகிறதைச் சட்டியில் போட முன்னர் நிறுத்து எழுதுங்கள். அலுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கொப்பியே இல்லாதவர்களுக்கு ஒரு நடுத்தர ட்ரே அளவு சொல்கிறேன். ரவை 250 கிராம், பட்டர் 250, முட்டை மஞ்சள் கரு 12, வெள்ளைக் கரு 6. பிளம்ஸ், சுல்தானா, பேரீச்சம்பழம், கஜு, பூசணி அல்வா, சௌசௌ ஒவ்வொன்றும் 250 கிராம். இஞ்சிப் பாகு 150, செரியும் கன்டி பீலும் 100 படி. தேன் இரண்டு மேசைக்கரண்டி, வனிலா, ரோஸ் வாட்டர், ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய். சீனி பல செய்முறைகளில் 500 கிராம் என்று இருக்கும். நான் 350க்கு மேல் போட மாட்டேன். பூசணி அல்வாவும் சௌசௌவும் ஏற்கெனவே சீனியில் ஊறிக் கிடப்பவை, அதற்கு மேல் அரைக் கிலோ எதற்கு?

இந்தக் கேக்கின் உண்மையான வேலை பழம் வெட்டுவதுதான். ஆங்கிலேயரின் பழக் கேக்கில் பிளம்ஸ் முழுசாகவே கிடக்கும். நாங்கள் ரிச் கேக்கைச் சின்னச் சின்ன நீள்சதுரத் துண்டாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுக்கிறவர்கள். பழம் பெரிதாக இருந்தால் கத்தி அதில் மாட்டி, துண்டின் ஓரம் பிய்ந்துவிடும். ஒரு மிளகு, மிஞ்சினால் இரண்டு மிளகு அளவுக்கு வெட்டுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள். பேரீச்சம்பழம் களியாகும், கஜு எண்ணெய் விடும், கேக் கல்லாகும். கத்தியை அடிக்கடி சுடுதண்ணீரில் தோய்த்தால் ஒட்டாது. பேரீச்சம்பழத்தில் கொட்டை இல்லை என்று பைக்கற்றில் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள்.

வெட்ட முன்னர் இஞ்சியையும் சௌசௌவையும் வடிதட்டில் போட்டுப் பாகை வடிய விடுங்கள். பாகோடு போட்டால் நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும். வடிந்த இஞ்சிப் பாகைக் கொட்டாதீர்கள், பிளேன்டீக்கு அதைவிட நல்லது இல்லை. கஜுவைத் தவிர வெட்டியதையெல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை பிராண்டியில் கலந்து, கண்ணாடிப் போத்தலில் மூடிவையுங்கள். இதைத் திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறோடு தொடங்கிவிடலாம். அங்கிலிக்கன் வழக்கில் நத்தார் இனிப்புக்கு மா கிளறுகிற நாளும் அதுதான். பிராண்டி ஆகாத வீடுகளில் தோடம்பழச் சாறு விடலாம். ஆனால் அந்தப் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரே இரவு மட்டும் ஊறவைத்து, அடுத்த நாளே கேக்கைப் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசணி அல்வா நீற்றுப்பூசணியில் செய்வது, இலங்கைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சீனியில் பதப்படுத்திய அன்னாசி போடலாம். அதற்கு ஈடாக இஞ்சியைக் கூட்ட வேண்டாம், காரம் தூக்கும்.

ரவையை நிறம் மாறாமல், வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள். இளஞ்சூட்டில் பட்டரோடு சேர்த்துப் பிசைந்து சில மணி நேரம் வைத்தால் ரவை ஊதிக் கொடுக்கும். அவசரப்பட்டு அன்றன்றே கலந்தால் பல்லில் நறநறக்கும். மஞ்சள் கருவையும் சீனியையும் அடிக்கும்போது, ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், சீனி தட்டுப்படக்கூடாது. பிறகு ரவை, பழம், கஜு, தேன், வாசத் திரவியங்கள் எல்லாவற்றையும் அதில் கலந்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். இது பொங்குகிற கேக் இல்லை. கடைசியில் நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை மெதுவாகச் சேர்த்தால் போதும்.

இனி அவண். 140 பாகை செல்சியஸ், விசிறி உள்ள அவண் என்றால் 120. ட்ரேயில் இரண்டு மடிப்பு பிரவுண் பேப்பர், அதன்மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர். அம்மாமார் பத்திரிகைத் தாள் போட்டார்கள். போடத்தான் வேண்டுமென்றால் ட்ரேக்கு வெளியே சுற்றுங்கள், மை பட்ட தாள் கேக்கில் படக்கூடாது. முதல் மணித்தியாலம் கழித்து மேலே ஒரு தாளால் மூடுங்கள். இரண்டேகாலில் இருந்து இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும், உங்கள் ட்ரே ஆழம் என்றால் இன்னும் கூடும். ஈர்க்கு குத்திப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கேக்கில் ஈர்க்கு சுத்தமாக வராது. பழப்பசை மினுங்கிக்கொண்டு ஒட்டியிருந்தால் வெந்துவிட்டது, எடுத்துவிடலாம். ரவைக் கலவை மங்கலாக ஒட்டினால் இன்னும் வேகவேண்டும். ஈர்க்கு காயும்வரை வைத்தால் கேக்கும் காய்ந்துவிடும்.

ட்ரேயிலேயே முழுதாக ஆறவிட்டு, இன்னொரு மேசைக்கரண்டி பிராண்டி தெளித்து, ஒயில் பேப்பரில் சுற்றி டின்னில் வையுங்கள். இரண்டு கிழமையாவது போகட்டும், வாசத் திரவியங்கள் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும். தோடம்பழச் சாற்றில் செய்தது அவ்வளவு நாள் தாங்காது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். ஐசிங் போடுகிறவர்கள் போடுங்கள். எனக்கு அது தேவையில்லாத இனிப்பு.

மிஞ்சின ஆறு வெள்ளைக் கருவையும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் பிறகு உதவும். அயல் வீடுகளுக்குக் கேக் கொடுக்கும்போது, பெட்டியின் மேல் "முட்டை, கஜு, பிராண்டி உண்டு" என்று எழுதி ஒட்டுங்கள். கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும், மது தொடாதவர்களும் எந்த ஒழுங்கையிலும் இருப்பார்கள்.