கல் நிற்கும் இடம்தான் எல்லையா?

(சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

சர்வே பிராக்டிகல் என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது என்ன? வெயில். ரேஞ்சிங் ராடைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டுடா" என்று கத்துவது. கடைசியில் ரெக்கார்டு நோட்டில் ஒரு கையெழுத்து. அளவு தப்பினால் இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான். ஆனால் அதே தப்பு ஊரில் ஒரு வரப்பு ஓரத்தில் நடந்தால் அண்ணன் தம்பி பேச்சு நிற்கும், கோர்ட்டு வாசலில் இரண்டு தலைமுறை நிற்கும். இந்த வருடம் செமஸ்டர் லீவில் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரிடம் பயிற்சிக்குப் போனேன். அங்கே கற்றதையும், எங்கள் சொந்தக் கொல்லையில் அதைச் சோதித்துப் பார்த்து நான் மாட்டிக்கொண்டதையும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட கேள்வி: "தம்பி, எல்லை எங்கே இருக்கு?" நான் ரொம்பப் புத்திசாலியாக, "கல் இருக்கிற இடத்தில் சார்" என்றேன். அவர் சிரித்தார். "கல்லு மண்ணுல நிக்குது. எல்லை காகிதத்துல நிக்குது. ரெண்டும் ஒண்ணா இருக்கிற வரைக்கும் நமக்கு வேலை இல்லை" என்றார். அந்தக் காகிதம் என்ன, அதற்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பாடமே.

நம் மாநிலத்தில் இதற்கான அடிப்படைச் சட்டம் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923. பழைய சென்னை மாகாணத்தின் 8-ஆம் எண் சட்டம் அது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது. உள்ளே இருப்பது எளிமையான ஒரு நடைமுறைதான். ஒரு பகுதியை அரசு சர்வே செய்யப்போகிறது என்றால் முதலில் அறிவிப்பு வரும். நிலத்தில் சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வந்து தங்கள் எல்லையைக் காட்ட வேண்டும். தகராறு இல்லாத எல்லையை 9-ஆம் பிரிவின்படி அப்படியே பதிவு செய்துவிடுவார்கள். தகராறு இருந்தால் 10-ஆம் பிரிவின்படி சர்வே அதிகாரி விசாரித்து, காரணம் எழுதி முடிவு சொல்ல வேண்டும். பிடிக்காதவர் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போகலாம். எல்லாம் முடிந்தபின் 13-ஆம் பிரிவில் ஓர் இறுதி அறிவிப்பு வெளியாகும். அதற்கப்புறம் அந்தப் பதிவுதான் எல்லை சரியாகத் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு முடிவான சாட்சி. அதை மாற்ற வேண்டுமானால் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். அது 14-ஆம் பிரிவு.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சர்வே நடந்த அன்று கூலி வேலைக்குப் போனவர், பிழைப்புக்கு வெளியூர் போனவர், நோட்டீஸைப் படிக்கத் தெரியாதவர் இவர்களுடைய மௌனமும் "தகராறு இல்லை" என்றுதான் பதிவாகியிருக்கும். எங்கள் வீட்டில் நோட்டீஸ் படிக்கும் முதல் ஆள் நான்தான். ஆகவே இந்தப் பிரிவுகளைப் படித்தபோது எனக்கு வெறும் பாடமாகத் தெரியவில்லை.

சரி, பதிவான எல்லை எங்கே இருக்கிறது? எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படத்தில். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம். நிலத்தை நடுவில் ஒரு நீளக் கோட்டால் வெட்டி, முக்கோணங்களாகப் பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து வளைவு நெளிவுக்கெல்லாம் செங்குத்தாக ஆஃப்செட் எடுத்திருப்பார்கள். முதல் வருடம் செயின் சர்வேயில் நாம் செய்தது இதேதான். வெளி எல்லைக் கோட்டுக்கு எஃப் லைன் என்று பெயர். தாலுகா ஆபீஸில் "எஃப் லைன் மனு" என்று காதில் விழுந்தால், அது எல்லையை அளந்து அத்து காட்டச் சொல்லும் மனு என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் இந்தப் படத்தின் நகலுக்கு நடையாய் நடக்க வேண்டும். இப்போது அரசு இணையதளத்திலேயே அச்சிட்டுக்கொள்ளலாம்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய படங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் 1620-இல் வகுத்த சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். பத்து சதுர சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். அதாவது ஏக்கருக்கு 1,00,000 சதுர லிங்க், சென்ட்டுக்கு 1,000 சதுர லிங்க். 435.6 சதுர அடி என்று நாம் மனப்பாடம் செய்யும் அந்த அசிங்கமான எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு அழகான கணக்கு இருக்கிறது! பத்திரங்களில் இன்னும் பழைய அளவுகள் வரும். எங்கள் ஆற்காடு பக்கத்தில் 100 குழி ஒரு காணி. அது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். அங்கே குழி என்பது 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் குழி 144 சதுர அடிதான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஊர் பார்க்காமல் குழியைப் பெருக்கினால் நிலம் நாலு மடங்காகிவிடும்.

இடையில் ஒரு பெருமை. மெக்கானிக்கல் நண்பர்கள் சர்வேயைக் கிண்டல் செய்யும்போது சொல்லிக்கொள்ள உதவும். 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் 8 மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி ஆனது. முதலில் வந்தது சங்கிலிதான்!

அடுத்தது பத்திரம். இங்கேதான் நான் முதலில் கோட்டை விட்டேன். பத்திரத்தின் சொத்து விவரத்தில் "இன்னார் நிலத்துக்கு மேற்கு, வண்டிப் பாட்டைக்கு வடக்கு" என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள். நான் படம் போட்டபோது இன்னார் நிலத்தை மேற்கே போட்டேன். தலைகீழ்! இன்னார் நிலத்துக்கு மேற்கே இருப்பது *நம்* நிலம். எனவே இன்னார் நமக்குக் கிழக்கே இருக்கிறார். பாட்டை நமக்குத் தெற்கே. சர்வேயர் சார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "ஊரையே திருப்பிப் போட்டுட்டியே தம்பி" என்றார்.

நான்கெல்லை ஒன்று சொல்கிறது, பரப்பளவு இன்னொன்று சொல்கிறது என்றால் எது ஜெயிக்கும்? பொதுவாக எல்லைதான். 2006-இல் சுப்ரீம் கோர்ட்டும், விவரங்களுக்குள் முரண் வந்தால் சாதாரணமாக எல்லையே மேலோங்கும் என்று சொல்லியிருக்கிறது. "சாதாரணமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதைத்தான் கோர்ட் தேடும். இன்னொன்று: சர்வே சொல்வது எல்லை எங்கே என்று. நிலம் யாருடையது என்ற உரிமை வழக்கு வேறு. பட்டாவில் பேர் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. வருவாய்க் கணக்கில் பேர் ஏறுவது வேறு, பாத்தியம் வேறு.

இவ்வளவும் படித்த தெம்பில்தான் லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது எங்கள் மணிலா கொல்லையை அளக்கக் கிளம்பினேன். மேற்குப் பக்கத்துக் கொல்லை ஓர் அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை, ஊர் முறையில் அத்தை. மாமா காலமான பிறகு அவரே பயிர் வைக்கிறார். "உங்கப்பன் வரப்பு வருஷா வருஷம் நடந்து வருதுடா" என்று எப்போதும் சொல்வார். எங்கப்பா காதில் வாங்கமாட்டார். "அது தாத்தா காலத்துக் கல்லு" என்பார். அத்தை வாயை அடைக்க வேண்டும் என்றுதான் நான் டேப்பை எடுத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முறை இதுதான். சந்தேகப்படும் கல்லிலிருந்து அளக்கக் கூடாது. பக்கத்துப் புலங்களில் அசையாமல் நிற்கும் கற்கள் குறைந்தது மூன்றைத் தேடி, அவற்றுக்குள் உள்ள தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் அவை நம்பத் தகுந்தவை. அவற்றிலிருந்துதான் சந்தேகக் கல்லுக்கு வர வேண்டும். டேப்பைத் தரையோடு படுக்கவிடாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் புலப்படத்தில் இருப்பதெல்லாம் மட்ட தூரம். சரிவில் 30 மீட்டர் போகும்போது தரை 2 மீட்டர் ஏறினால் மட்ட தூரம் 29.93தான். 7 சென்டிமீட்டர் அங்கேயே போய்விடும்.

என் நண்பன் டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். பாட்டை ஓரக் கல், கிணற்று மூலைக் கல், கிழக்கே பனைமரத்தடிக் கல் மூன்றும் படத்தோடு விரற்கடைக்குள் ஒத்து வந்தன. எங்கள் மேற்கு எல்லையில் தெற்குக் கல்லும் சரி. வடக்குக் கல் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் இல்லை. 1.4 மீட்டர் மேற்கே, அத்தை கொல்லைக்குள் நின்றது. மூன்று முறை அளந்தோம். நண்பன் பேசாமல் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தான்.

கணக்குப் போட்டேன். எல்லையின் நீளம் 62 மீட்டர். ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் 1.4. முக்கோணம்: பாதி × 62 × 1.4 = 43.4 சதுர மீட்டர். ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அத்தை சொன்னது சரி.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, டிராக்டர் ஓட்டியபோது ஒருமுறை கல் சாய்ந்ததாகவும், தானே எடுத்து நட்டதாகவும் சொன்னார். "குறி வச்சா நட்டேன்? இருந்த எடம்னு நெனச்சு நட்டேன்." பெரியப்பா குறுக்கிட்டார்: "பன்னெண்டு வருஷம் ஆயிட்டா நம்முதுதானேடா. நீதான் சட்டம் படிச்சவனாச்சே, சொல்லு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சிலபஸிலேயே இருக்கிறது. 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் இனம், தனியார் நிலத்தில் எதிரிடை அனுபவத்துக்கு 12 வருடம் என்கிறது. அரசு நிலமென்றால் 30 வருடம். ஆனால் வருடத்தை எண்ணினால் மட்டும் போதாது. உண்மைச் சொந்தக்காரருக்கு எதிராக, "இது என்னுடையது, உன்னுடையது அல்ல" என்று வெளிப்படையாக அனுபவித்திருக்க வேண்டும். தெரியாமல் நட்ட கல்லை நம்பி உழுததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இதைச் சொன்னேன். "அப்ப நாம தெரிஞ்சே வச்சிருந்தோம்னு கோர்ட்ல சொல்லணுமா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் சர்வேயர் சாரிடம் ஓடினேன். கல்லை நானே பிடுங்கி சரியான இடத்தில் நட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் அதட்டினார். சர்வே கல்லைப் பராமரிக்க வேண்டியது பட்டாதாரர் கடமை; ஆனால் அரசு அதிகாரி நட்ட எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. "சரியான எடத்துக்கு நகர்த்தினாலும் அது நீ நகர்த்தினதுதான். அதோட உன் சொந்த நிலத்தை நீ அளந்தது பிராக்டிஸ் தம்பி, சர்வே இல்லை. நாளைக்கு யாரும் ஒத்துக்கமாட்டாங்க, உங்க அத்தை உட்பட. மனு போடு. ரெண்டு பக்கத்துக்கும் நோட்டீஸ் கொடுத்து, ரெண்டு பேர் முன்னாடி அளக்கட்டும்."

மனு எழுதி வைத்தேன். அப்பா மூன்று நாள் அதைத் தொடவில்லை. ஒரு சென்ட் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மொத்தக் கொல்லையே அரை ஏக்கருக்கும் குறைவு. நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் காலையில், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். அவர் கையெழுத்துப் போடுவதற்கு நேரமாகும். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மனு கொடுத்து பீஸும் கட்டியாகிவிட்டது. அளக்கும் தேதி இன்னும் வரவில்லை. போன வாரம் அம்மா போனில் சொன்னது: இந்தப் பட்டத்துக்கு மணிலா போட்டபோது மேற்கு வரப்பு ஓரமாக ஒன்றரை மீட்டர் விட்டுவிட்டுத்தான் அப்பா விதைத்தாராம். ஏன் சும்மா விட்டிருக்கிறாய் என்று அத்தை கேட்டதற்கு, "ஏர் திரும்ப எடம் வேணாமா?" என்று சொல்லிவிட்டாராம்.