கதவு தெரிகிற நாற்காலி

அன்புள்ள யாழினி,

ஜூன் விடுமுறையில் தம்பிகள் இருவரையும் சைனாடவுன் நூலகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாக அப்பா சொன்னார். "அவர்கள் பாட்டுக்குப் படிப்பார்கள், நான் என் ஜேசி பாடத்தைப் பார்த்துக்கொள்வேன்" என்றாயாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நானும் அப்படி நம்பியவள்தானே!

உன் அத்தானுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நூலகத்தில் அவனைப் படக்கதைப் புத்தகத்தோடு உட்காரவைத்துவிட்டு நாவல் அலமாரிப் பக்கம் போனேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பினால் புத்தகம் விரித்தபடி கிடக்கிறது, பிள்ளையைக் காணோம். அந்த நூலகமும் கடைத்தொகுதிக்குள் இருந்ததுதான். மின்படியில் ஏறி இறங்கி விளையாடியவனைக் கீழ்த்தளத்தில் ஒரு துப்புரவு ஆண்ட்டி கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார். தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கு எடுத்த நாவலை நான் படிக்கவே இல்லை.

ஆர்ச்சர்ட், ஹார்பர்ஃபிரண்ட் என்று நம் ஊர் நூலகங்கள் பல கடைத்தொகுதிகளில்தான் இருக்கின்றன. நீ போகப்போவது சைனாடவுன் பாயிண்ட் நான்காம் மாடிக்கு. உள்ளே அமைதி, கதவைத் தாண்டினால் கடைகள், மின்படிகள், கீழே எம்ஆர்டி. அதனால் முதலில் கதவு தெரிகிற நாற்காலியைப் பிடி. பாடமெல்லாம் அப்புறம்.

அந்த நூலகத்தை 2013 ஜனவரியில் திறந்தபோதே, தொண்டூழியர்களை வைத்து நடத்துவது என்றுதான் ஏற்பாடு; சிங்கப்பூரில் அதுதான் அப்படி முதல். கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும்போது பக்கத்தில் பார்ப்போமே, வாட்டர்லூ ஸ்திரீட் குவான் இம் கோயில், அதுவும் இந்த நூலகத்துக்குப் பணம் கொடுத்தது. தொண்டூழியர்கள் தங்கள் நேரத்தைப் புத்தகத்துக்காகக் கொடுக்க வருகிறவர்கள். "அங்கிள், இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போகாதே. இரண்டு பேரையும் கூடவே இழுத்துக்கொண்டு போ. முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

சின்னவன் அரை மணிக்கு மேல் தாங்கமாட்டான். போதாததற்கு, சீனக் கலை, பண்பாடு சார்ந்த நூல்களே அங்கே அதிகம். "ஷ்ஷ்" என்று அதட்டிக்கொண்டே இருந்தால் நூலகம் என்றாலே அவனுக்குக் கசந்துவிடும். பக்கத்தில் உட்கார். சீன நாடக முகப்பூச்சுப் படம் கிடைத்தால், எந்த முகம் கோபக்காரனுடையது என்று காதோடு கேள். குரல் தானாக இறங்கும். ஓட ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பு. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான்.

உன் கைபேசி எண் பெரியவனுக்கு மனப்பாடமா? இல்லையென்றால் இன்றிரவே சொல்லிக்கொடு.

அன்புடன்,
அத்தை