காயம் ஆறிய பிறகும் வளரும் தழும்பு

காயம் ஆறும் விதத்தை நான் நான்கு படிகளாகக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம்: இரத்தம் உறைதல், வீக்கம், புதுத் திசு வளர்தல், தழும்பு சீராதல். மூன்றாம் படியில் கொலாஜன் என்னும் புரத நார் உற்பத்தியாகிக் காயத்தை நிரப்புகிறது. நிரம்பியதும் உற்பத்தி குறைய வேண்டும். சிலருக்குக் குறைவதில்லை. தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் பரவுகிறது. இதுவே கீலாய்டு.

காது மடல், நெஞ்சு, தோள், தாடை ஆகிய இடங்களில் இது மிகுதி. பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் தோன்றும். காது குத்தல், பரு, அம்மை, தீக்காயம் எதுவும் தொடக்கமாகலாம். கருநிறத் தோலினருக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே கீலாய்டு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அரிப்பும் வலியும் இருக்கும்.

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காது குத்திய இடத்தில் கோலிக்குண்டு அளவு தழும்பு. பின்னலைக் காதை மூடும்படி மடித்துக் கட்டி வருவாள். “டீச்சர், இது ஒட்டிக்குமா?” என்று பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். அன்றைய பாடம் அதுவே ஆயிற்று. 1806இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், முதலில் புற்றுநோயை நினைவூட்டும் பெயரைச் சூட்டினார். பிறகு அக்குழப்பம் நீங்க, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரை அமைத்தார். கீலாய்டு புற்றுநோயுமல்ல, தொற்றுநோயுமல்ல என்பது வகுப்புக்குப் புரிந்தது.

“வெட்டி எடுத்துவிடலாமா?” என்று அவளுடைய தாயார் கேட்டார். வெட்டுவதும் ஒரு காயமே. வெட்டுவதோடு நிறுத்தினால் பாதிக்கும் மேற்பட்டவை மீண்டும் வளர்கின்றன. ஆகவே தோல் மருத்துவர்கள் முதலில் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசியை 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை போடுகிறார்கள். சிலிகான் பட்டை, உறைய வைக்கும் சிகிச்சை, காதுக்கு அழுத்தக் கவ்வி ஆகியவையும் உண்டு. அறுவை செய்தால் தொடர்ந்து ஊசியோ கதிர்வீச்சோ தேவைப்படும். முழுதும் மறையும் என்று உறுதி சொல்ல முடியாது. அரிப்பும் தடிப்பும் குறையும்.

நாம் செய்யக்கூடியவை:

1. நூல் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது, சுடுவது ஆகியவை புதுக் காயத்தை உண்டாக்கும் என்று பெற்றோருக்கு விளக்குவது.

2. இத்தகைய பிள்ளைகள் மீண்டும் காது, மூக்கு குத்துவதையும் பச்சை குத்துவதையும் தவிர்க்கச் சொல்வது.

3. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்புவது.

சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். இடையில் நின்றுவிடாதிருக்க, ஊசி போடும் நாளில் விடுப்புக் கொடுத்து, விட்டுப்போன பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுப்போம்.